இடது கையில் ஒரு சாக்பீஸ்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பி.டி. டீச்சர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மணி அடித்து வெகு நேரம் ஆகியும் உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்துக்கு வரவில்லை என்றால் பதறாதீர்கள். யாரும் காணாமல் போகவில்லை. எல்லோரும் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடுங்க டீச்சர், போர்ஷன் முடியல" என்று சொல்லி யாராவது உங்கள் பீரியடை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த ஒரு நாள் ஜூனில் ஆரம்பித்தால் பப்ளிக் பரீட்சை வரைக்கும் முடியாது.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் என் சர்வீஸ் முழுவதும் இந்தச் சண்டைதான். நான் சாந்தோம்காரி. எங்கள் வீட்டில் எல்லோரும் டீச்சர்கள். அப்பா தமிழ், அக்கா இங்கிலீஷ், நான் மட்டும் விசில். எனக்குக் குரலும் பெரிது, கோபமும் பெரிது. நான் கிரவுண்டில் கத்தினால் லஸ் கார்னரில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட என்னிடமிருந்தே வருஷா வருஷம் பீரியடைத் தட்டிக்கொண்டு போன ஒரே ஆள் வைதேகி.

வைதேகி எங்கள் கணக்கு டீச்சர். மாட வீதிப் பக்கம் வீடு. நாங்கள் இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அதனால் வா போ என்றுதான் பேச்சு. கெட்டவள் இல்லை. தன் வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கில் தவறினால் அன்று அவள் சாப்பிட மாட்டாள். ஆனால் அந்தப் பிள்ளை தேற வேண்டும் என்பதற்காக என் பீரியட், பாட்டு பீரியட், லைப்ரரி பீரியட் எல்லாவற்றையும் கூச்சமே இல்லாமல் விழுங்கிவிடுவாள். நானும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவேன். பிக்கிள்பால் என்ற புது ஆட்டம் வந்த பிறகுதான் எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

அந்த ஆட்டத்தை நான் முதலில் பார்த்தது கொட்டிவாக்கத்தில், என் அக்கா மகன் குடியிருக்கும் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் நாலு பேர் வியர்க்க விறுவிறுக்க ஆடிக்கொண்டிருந்தார்கள். சப்பாத்திப் பலகைக்குத் தம்பி மாதிரி ஒரு மட்டை. உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பந்து. அடிக்கும்போது டொக், டொக் என்று சத்தம். "இதெல்லாம் ஒரு விளையாட்டாடா?" என்றேன். "ஒரு கேம் ஆடிப் பாருங்க சித்தி" என்றான். ஆடினேன். மாதாவே! அந்த வயசில் என் முழங்கால் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை. இன்னொரு கேம், இன்னொரு கேம் என்று நான் கெஞ்ச, அந்தப் பையன்கள்தான் களைத்துப்போய் உட்கார்ந்தார்கள். வரும்போது அவர்களுடைய பழைய மட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் மைதானம் என்பது பேருக்குத்தான். சைக்கிள் ஸ்டாண்டுக்கும் பத்தாம் வகுப்பு ஜன்னல்களுக்கும் நடுவில் ஒரு சிமென்ட் தரை, அதில் ஒரு ரிங் கோர்ட். ரிங் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரப்பர் வளையம். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதை ஒரு கையால் பிடித்து, அதே கையால் உடனே திருப்பி வீச வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் பள்ளிகளில் அதை ஆடாத பிள்ளை உண்டா? இடம் அவ்வளவாகத் தேவையில்லை, ஷூ தேவையில்லை, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த ரிங் கோர்ட்டைக் கொஞ்சம் அகலப்படுத்தி, வலையை இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டியதும் பிக்கிள்பால் கோர்ட் தயார்.

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு முதல் நாள் மட்டையைக் கொடுத்தபோது மேகலா என்ற பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா மிஸ் இது? பேட்டும் இல்லாம கரண்டியும் இல்லாம கீது" என்றாள். வலையை ஒட்டிய பட்டைக்குப் பெயர் கிச்சன், அதற்குள் நின்றுகொண்டு தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது என்று நான் சொன்னதும் ஒரே கூச்சல். கிச்சனுக்குள் போகாதே என்று ஒரு பெரியவர் வாயால் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லையாம். அந்த ஒரு விதியை மட்டும் யாரும் மறக்கவே இல்லை.

முதல் வாரம் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தண்டம். கொட்டிவாக்கத்துப் பையன்கள் அடித்த மாதிரி ஓங்கி அடிக்கச் சொன்னேன். பந்துகள் சைக்கிள் ஸ்டாண்டில் விழுந்தன, காம்பவுண்டு தாண்டி ரோட்டில் விழுந்தன, ஒன்று ஆட்டோவுக்குள் விழுந்து அப்படியே மந்தைவெளிக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்கும் சலிப்பு. அப்போதுதான் மேகலாவின் கையைக் கவனித்தேன். வேகமாக வந்த பந்து ஒன்றை அவள் அடிக்கவே இல்லை. மட்டையை லேசாகப் பின்னால் இழுத்து, பந்தை அதில் வாங்கி, வலைக்கு அந்தப் பக்கம் பொத்தென்று போட்டாள். எதிரே நின்றவளால் அதைத் தொடக்கூட முடியவில்லை.

"எப்படிடீ போட்டே?" என்றேன்.

"ரிங்கு புடிக்கிறா மாரி புடிச்சேன் மிஸ். வெடுக்குனு புடிச்சா வெரலு வலிக்கும்ல?"

விசில் அடித்து எல்லோரையும் நிறுத்தினேன். "அடிக்கிறதை மறந்துடுங்க. ரிங் பிடிக்கிற மாதிரி பந்தை மட்டையில வாங்குங்க!" அவ்வளவுதான். ஐ.டி. பையன்கள் மாசக்கணக்காகப் பயிற்சி எடுத்தும் வராத அந்த மெத்தென்ற அடி, என் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் பீரியட் முடிவதற்குள் வந்துவிட்டது. நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புது விளையாட்டைச் சொல்லித்தருவதற்கு முன்னால் பிள்ளைகளின் கை ஏற்கனவே எதைப் பழகியிருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் அந்தக் கையால் ஒரு தொல்லையும் வந்தது. ரிங் ஆடுகிற பிள்ளைக்கு இரண்டு கையும் ஒன்றுதான். வலது கையில் மட்டை இருந்தால் இடது கை சும்மா இருக்குமா? பந்து தலைக்கு மேலே போனால் போதும், இடது கை தானாகப் போய்ப் பிடித்துவிடும். மேகலா முதல் தடவை அப்படிப் பிடித்தபோது மொத்த வகுப்பும் கை தட்டியது.

"தப்பு! பாயிண்ட் போச்சு!" என்றேன்.

"இன்னா மிஸ் நீங்க! அது வெளிய போய்க்கினு இருந்துச்சு. அவங்க தப்புதான?"

"வெளிய போனாலும் தரையில விழுற வரைக்கும் பந்து உயிரோட இருக்கு. நீ பிடிச்சா தப்பு உன் தலையில."

இதுதான் இந்த ஆட்டத்தின் விதி. பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை. வெளியே போகிற பந்தைப் பிடித்துத் திருப்பிப் போடுவது மரியாதை என்றே நினைக்கிறார்கள். நான் விடவில்லை. செவ்வாயும் வியாழனும் தொண்டை கிழியக் கத்தினேன். "வெளிய போற பந்தைத் தொடாதே! பிடிச்சா பாயிண்ட் போச்சு!" அந்த இரண்டு பீரியடும் பக்கத்து ஜன்னலுக்குள் வைதேகி 'ஏ' பிரிவுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருப்பாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் படார் படார் என்று சாத்துவாள். சென்னை வெயிலில் எத்தனை நேரம் சாத்தி வைக்க முடியும்? மறுபடி திறப்பாள். மறுபடி என் குரல் உள்ளே போகும்.

கத்தியும் பிரயோஜனம் இல்லை. கடைசியில் எரிச்சலில், கோடு போடுவதற்காகப் பையில் வைத்திருந்த ஒரு சாக்பீஸை எடுத்து மேகலாவின் இடது கையில் வைத்தேன். "இதை உடைக்காம ஆடணும். பந்தைப் பிடிக்கப் போனா உடையும். பாத்துக்கோ" என்றேன். அன்று ஒன்று உடைந்தது. அடுத்த வகுப்பில் ஒன்றும் உடையவில்லை. அப்புறம் என்ன, வகுப்பு முழுக்க ஆளுக்கொரு சாக்பீஸ். அத்தனை சாக்பீஸும் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஸ்டாஃப் ரூமில் சாக்பீஸ் டப்பா காலியாகிக்கொண்டே இருக்கிறது என்று வைதேகி புலம்பியபோது நான் தலையைக் குனிந்துகொண்டு டிபன் சாப்பிட்டேன்.

மேகலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். மேகலா வாரத்தில் பாதி நாள் பள்ளிக்கு வர மாட்டாள். கணக்கு அவளுக்கு வேப்பங்காய். பிக்கிள்பால் வந்த பிறகு செவ்வாயும் வியாழனும் தவறாமல் வந்தாள். பிறகு மற்ற நாட்களிலும் வர ஆரம்பித்தாள். ஒரு நாள் அவள் அம்மா என்னைத் தேடிக்கொண்டு பள்ளி கேட்டுக்கே வந்துவிட்டார்.

"இத்த இட்டுனு போயி என் பக்கத்துல குந்த வெச்சிக்கலாம்னுதான் இருந்தேன் டீச்சர். படிப்பு ஏறல. ஆனா இந்த டொக்கு டொக்கு ஆட்டம் வந்தப்புறம் காலைல நா எய்ப்பாமலே எந்திரிச்சி கெளம்பிடுது. இத்த மட்டும் நிறுத்திடாதீங்க. நிறுத்தினா அது வராது" என்றார்.

நிறுத்த மாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அனுப்பினேன். அந்த வாரமே எச்.எம். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே வைதேகி உட்கார்ந்திருந்தாள். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது, 'பி' பிரிவின் இரண்டு பி.டி. பீரியடையும் பப்ளிக் முடியும்வரை கணக்குக்குத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். 'ஏ' பிரிவை வேறு பீரியடுக்குத் தள்ளி டைம்டேபிளிலேயே மாற்றிவிட வேண்டுமாம்.

"பத்தாவது பப்ளிக்குன்னு நோக்கு ஞாபகம் இருக்கோ ரீட்டா?" என்றாள் வைதேகி. "அந்த மேகலாவுக்குப் பின்னமே தெரியல. அவளைப் போய் வெயில்ல குதிக்க விட்டுண்டு, அந்த டொக் டொக்ல என் 'ஏ' செக்ஷனும் பாழாப் போறது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்த டொக் டொக் இல்லேன்னா மேகலா உன் கணக்குக்கும் வரமாட்டா, தெரியுமா? காலி பெஞ்சுக்குப் பின்னம் சொல்லிக்குடு!"

"அவ ஃபெயிலானா நீயா பதில் சொல்லுவே?"

"அவ நின்னுட்டா நீ சொல்லுவியா?"

இருவரும் ஒரே பெண்ணுக்காகத்தான் அடித்துக்கொண்டோம். அது எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. எச்.எம். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா? ஆசிரியர் தினத்துக்கு டீச்சருங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் எப்பவும் மியூசிக்கல் சேர் வைப்போம்ல? இந்த வருஷம் இந்த டொக் டொக்கையே வையுங்க. ஜெயிக்கிறவங்களுக்கு அந்தப் பீரியட். என்னை விடுங்க" என்றார்.

அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் வாசலில் அட்டெண்டன்ஸ் கொண்டுவந்த பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் பள்ளி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதற்கப்புறம் எச்.எம். நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது.

ஆசிரியர் தினத்தன்று சைக்கிள்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்திலும் பிள்ளைகள் நின்றார்கள். ஜன்னல் கம்பிகளில் தொங்கினார்கள். 'பி' பிரிவு சார்பில் மேகலாவும் அவள் ஜோடி ஆயிஷாவும். டீச்சர்கள் சார்பில் கம்ப்யூட்டர் டீச்சர் திவ்யா. சின்னப் பெண், வாரக் கடைசியில் அடையாறில் இதே ஆட்டம் ஆடுகிறவள், கை நல்ல வேகம். அவளுக்கு ஜோடியாக யாராவது இளவட்டம் வரும் என்று நினைத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு வைதேகி வந்து நின்றாள்!

"பீரியட் நான் கேட்டது. நான்தானே ஆடணும்?" என்றாள்.

நான் விசிலை எடுத்தேன். "நீ அம்பயரா இருந்தா எப்படி? பீரியட் உன்னோடது" என்றாள். நியாயம்தானே? இந்த ஆட்டத்தில் கோட்டுக்கு உள்ளே வெளியே என்பதை அந்தந்தப் பக்கத்துக்காரர்களே சொல்லிக்கொள்ள வேண்டும், தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் வழக்கம். அப்படியே ஆடலாம் என்று முடிவானது. விசிலைக் கழற்றி வலைக் கம்பத்தில் மாட்டினேன். வாயைத் திறக்கக் கூடாது என்று எச்.எம். எனக்குத் தனியாக ஒரு உத்தரவு போட்டார். என் சர்வீஸில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய தண்டனை அதுதான்.

ஆட்டம் ஆரம்பித்தது. என் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதித்தது. ஒவ்வொரு பாயிண்ட் எடுக்கும்போதும் மேகலா, "சாரி மிஸ்" என்கிறாள். வைதேகி பக்கம் பந்தை வேகமாக அடிக்கவே மாட்டேன் என்கிறார்கள் இருவரும். கோட்டில் விழுந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால், "உள்ள மிஸ், ஒங்க பாயிண்ட்டு" என்று வாரிக் கொடுக்கிறார்கள். சந்தேகம் வந்தால் எதிராளிக்குக் கொடு என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கத்தவும் முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வைதேகியோ ஆச்சரியப்படுத்தினாள். முதலில் நாலு பந்தை வலையில் அடித்தாள். அப்புறம் கை பழகிவிட்டது. அவள் பந்தைத் திருப்பும்போது சத்தமே வரவில்லை. எங்கேயோ பார்த்த கை மாதிரி இருந்தது. யோசிக்க நேரமில்லை, டீச்சர்கள் எட்டு, பிள்ளைகள் நாலு என்று ஆகிவிட்டது.

அப்போது ஆயிஷா மேகலாவின் காதில் ஏதோ சொன்னாள். பிறகுதான் தெரிந்துகொண்டேன். "சாரி சொல்லிக்கினே இருந்தா நாளைலேந்து பின்னம்தான்டீ" என்றாளாம். மேகலா முகம் மாறியது. சாரி நின்றது. அதற்குப் பிறகு பாருங்கள்! வலைக்குப் பக்கத்தில் மெத்து மெத்தென்று பந்தை வைத்தார்கள். திவ்யா ஓங்கி அடித்ததையெல்லாம் மேகலா மட்டையில் வாங்கி அப்படியே செத்த பந்தாகப் போட்டாள். ஒவ்வொரு அடிக்கும் பள்ளியே "டொக்! டொக்!" என்று சேர்ந்து கத்தியது. சத்துணவு ஆயாக்கள்கூடக் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்கள். நான் வலைக் கம்பத்தை ஒட்டியிருந்த ஸ்கோர் போர்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் பத்து, டீச்சர்கள் ஒன்பது. பதினொன்று எடுத்தால் ஆட்டம் முடிந்தது. சர்வீஸ் மேகலா கையில், இந்த ஆட்டத்தில் சர்வீஸ் போடுகிறவர்களுக்குத்தான் பாயிண்ட் ஏறும்.

பந்து போனது, வந்தது, போனது. வலைக்கு மேலே முன்னும் பின்னும் ஏறி இறங்கியது. வைதேகி சட்டென்று முன்னால் வந்தாள். மேகலா அவள் தலைக்கு மேலே தூக்கிப் போட்டாள். தூக்கினது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பந்து பின்கோட்டைத் தாண்டித்தான் விழும், கண்ணில்லாதவனுக்கும் தெரியும். ஐயோ என்று பிள்ளைகள் பக்கம் ஒரு சத்தம். விட்டிருந்தால் சர்வீஸ் கைமாறியிருக்கும், ஆட்டமும் மாறியிருக்கும்.

வைதேகி விடவில்லை. இரண்டு எட்டு பின்னால் போனாள். அவள் இடது கை மேலே போனது. பறந்துகொண்டிருந்த பந்தை அந்தக் கை பிடித்து, அப்படியே லேசாகப் பின்னால் வாங்கி நின்றது. ஒரு சத்தம் இல்லை. அப்படியொரு பிடியை நான் மாவட்டப் போட்டிகளில்தான் பார்த்திருக்கிறேன்.

"அவுட்! சர்வீஸ் மாறுது!" என்று திவ்யா குதித்தாள். டீச்சர்கள் பக்கம் ஒரே கை தட்டல். எச்.எம்.கூட எழுந்து நின்று தட்டினார்.

பிடித்தது தப்பு. பாயிண்ட் பிள்ளைகளுக்கு, ஆட்டம் முடிந்தது, பீரியட் எங்களுக்கு. அங்கே இருந்த டீச்சர்களில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? தோற்கப் போகிற நேரத்தில் பி.டி. டீச்சர் புதுசாக ஒரு ரூல் கண்டுபிடித்துவிட்டாள் என்பார்கள். திறக்காவிட்டால் அந்தப் பெண்ணின் பீரியட் போகும், ஒருவேளை படிப்பே போகும். கம்பத்தில் விசில் கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கை அதுவாகப் போனது. 'பி' பிரிவு முழுக்க என்னைத்தான் பார்த்தது. நான் கையைக் கீழே இறக்கினேன். அவரவர் தப்பை அவரவர் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, எனக்கு வேண்டியபோது மட்டும் விசிலை எடுத்தால் அப்புறம் அந்தப் பிள்ளைகள் என்னை எதற்கு நம்ப வேண்டும்?

மேகலாவுக்குத் தெரியும். இதே தப்புக்காக என்னிடம் எத்தனை திட்டு வாங்கியவள்! அவள் பாயிண்டைக் கேட்டிருக்கலாம், கேட்க உரிமையும் உண்டு. அவள் வலைக்குப் பக்கத்தில் வந்து, கண் விரிய வைதேகியைப் பார்த்தாள்.

"மிஸ்... நீங்க ரிங்கு ஆடுவீங்களா மிஸ்?"

வைதேகி தன் கையில் இருந்த பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எப்படி அங்கே வந்தது என்று அவளுக்கே தெரியாத மாதிரி இருந்தது அந்த முகம்.

"காலேஜ்ல ஆடினேண்டி. நன்னாவே ஆடினேன். அப்பறம் கல்யாணம், குழந்தை, வேலை... யார் ஆட விட்டா?" என்றாள். சிரித்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு சட்டென்று நிமிர்ந்து, "இரு இரு, கை தட்டாதீங்கோ. இது என் தப்பு. பாயிண்ட் குழந்தைகளுக்கு" என்றாள்.

"அவுட்டுதானே மேடம்?" என்றாள் திவ்யா.

"அவுட்டா இருந்தாலும் பிடிக்கப்படாது. பிடிச்சா பாயிண்ட் போச்சு." வைதேகி என் பக்கம் கையை நீட்டினாள். "வாரத்துல ரெண்டு நாள் இந்த ரீட்டா ஜன்னலுக்கு அந்தண்டை நின்னுண்டு கத்திண்டே இருக்காளே! என் 'ஏ' செக்ஷன் பசங்களுக்குப் பின்னம் மனப்பாடம் ஆச்சோ இல்லையோ, நேக்கு இது ஆயிடுத்து."

அதற்கப்புறம் அந்தச் சிமென்ட் தரையில் என்ன நடந்தது என்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. 'பி' பிரிவு மொத்தமும் கோர்ட்டுக்குள் பாய்ந்தது. ஆயிஷா அழுதாள், நான் அழுதேன், திவ்யா ஒன்றும் புரியாமல் என்னிடமே ரூலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் வைதேகியைக் கட்டிக்கொண்டேன். "போதும் விடு, வியர்வை" என்று தள்ளிவிட்டாள். ஆனால் உடனே தள்ளவில்லை.

மேகலா கணக்கில் தேறினாளா என்று கேட்பீர்கள். தேறினாள். எல்லைக்கோட்டை ஒட்டித்தான் மார்க், ஆனால் உள்ளே விழுந்த பந்து உள்ளேதானே? பள்ளி விட்டதும் வைதேகி அவளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். மேகலா ஒரு நாள்கூட ஓடவில்லை. இப்போது ப்ளஸ் டூ படிக்கிறாள், பள்ளி டீமுக்கு அவள்தான் கேப்டன். உங்கள் பள்ளியிலும் பீரியடைக் கேட்டு வருகிறவர்கள் இருப்பார்கள். சண்டை போடுங்கள், நன்றாகவே போடுங்கள். அப்படியே ஒரு நாள் அவர்கள் கையிலும் மட்டையைக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆசிரியர் தினம் முடிந்த அடுத்த வியாழக்கிழமை, 'பி' பிரிவுக்கு மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, விரலெல்லாம் சுண்ணாம்புப் பொடியோடு வைதேகி வந்துகொண்டிருந்தாள். எனக்குப் பழைய கோபம் குப்பென்று ஏறிவிட்டது.

"வைதேகி, ஜெயிச்சது நாங்க. ஒரு நாள்கூடத் தர மாட்டேன், சொல்லிட்டேன்!"

"யாருக்கு வேணும் உன் பீரியட்?" என்றாள் அவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டே. "'ஏ' செக்ஷனை வேற பீரியடுக்கு மாத்தி, நேக்கு இந்த நேரத்தை ஃப்ரீயா போட்டுக் குடுக்கச் சொல்லி எச்.எம்.கிட்ட வாங்கிண்டு வந்திருக்கேன். மட்டை மிச்சம் இருக்கோன்னோ?"

நான் மட்டைப் பையைத் தேடித் திரும்பினேன். மேகலாதான் முந்திக்கொண்டாள். ஒரு மட்டையை எடுத்து வைதேகியின் வலது கையில் கொடுத்தாள். பிறகு தன் பாக்கெட்டைத் துழாவி ஒரு முழு சாக்பீஸை எடுத்து, கணக்கு டீச்சரின் இடது கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இத்தப் புடிச்சிக்கோங்க மிஸ். ஒடைக்காம ஆடணும்."